முதல் ஆட்டத்தில் மூன்று கோல், மொத்தமே எட்டு ஆட்டம்

“கனடாவில் ஒரு ஹாக்கி வீரர் அறிமுக ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்துவிட்டு, எட்டே ஆட்டங்களோடு பெரிய அரங்கை விட்டுப் போய்விட்டாராமே? அவர் யார்? ஏன் அப்படி ஆனது? நம்ம பக்கத்து ஹாக்கியில் இப்படி நடக்குமா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் கோவில்பட்டிக்காரன். இளவயதில் ரைட் ஹாஃப், அதாவது வலப்பக்க நடுவரிசையில், ஆடினேன், முழங்கால் போன பிறகு நடுவராக விசில் ஊதினேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி கேட்டவர் பெயர் அலெக்ஸ் ஸ்மார்ட். கனடாவில் மானிடோபா மாகாணத்துப் பிராண்டன் என்ற ஊரில் 1918-இல் பிறந்தவர். லெஃப்ட் விங், அதாவது முன்வரிசையில் இடது ஓரம், ஆடுகிறவர். 1943 ஜனவரி 14 அன்று மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்காக முதன்முதலில் இறங்கினார். எதிரே சிகாகோ பிளாக் ஹாக்ஸ். அன்றைக்கே மூன்று கோல் போட்டார், அணி 10-4 என்று ஜெயித்தது. என்.எச்.எல். என்கிற தேசிய ஹாக்கி லீக்கில், எல்லாருக்குமே அறிமுகமான 1917-இன் தொடக்க நாளைத் தள்ளிவிட்டால், அறிமுக ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆள் அவர்தான். அந்தப் பருவத்தில் மொத்தம் எட்டு ஆட்டம். 5 கோல் போட்டார், 2 கோலுக்குப் பாஸ் கொடுத்தார். அதோடு சரி. ஒன்பதாவது ஆட்டம் அவருக்கு அமையவே இல்லை. 2005-இல் காலமானார்.

இது ஐஸ் ஹாக்கி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் இந்தக் கதையை எடுத்தபோது ஓர் அண்ணாச்சி, “ஐஸ்ல எப்படிவே பந்து உருளும்?” என்று மடக்கினார். நியாயமான கேள்வி. அங்கே பந்தே கிடையாது. பாண்டி ஆடும்போது எறிவோமே சில்லு, அது மாதிரி தட்டையான ரப்பர் வில்லை. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம். அது உருளாது, வழுக்கும். நம்ம மைதானம் 100 கெஜம் நீளம், 60 கெஜம் அகலம். அவர்களுடைய ஐஸ் தளம் 200 அடிக்கு 85 அடி, நாலு பக்கமும் பலகைச் சுவர். நம்ம கோல் 12 அடி அகலம், 7 அடி உயரம். அவர்களுடையது 6 அடிக்கு 4 அடி, அதையும் ஒரு கோல்கீப்பர் அடைத்துக்கொண்டு நிற்பார். பக்கத்துக்கு ஆறு பேர். ஓடிக் களைத்தவர் வெளியே குதிக்க, ஆட்டம் நிற்காமலே இன்னொருவர் உள்ளே குதிப்பார். அந்தச் சின்ன ஓட்டைக்குள் முதல் நாளே மூன்று தடவை வில்லையைப் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சரி, ஏன் எட்டோடு முடிந்தது?

காலத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். வீரர்கள் பலர் படைக்குப் போயிருந்தார்கள். பாஸ்டன் அணியின் முன்வரிசை மூவரும் 1942 பிப்ரவரியில் ஒன்றாகவே கனடிய விமானப் படையில் சேர்ந்துவிட்டார்கள். ரயில் போக்குவரத்து நெருக்கடியால், ஊர் திரும்பும் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று 1942 நவம்பரில் கூடுதல் நேர ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அனுபவசாலிகள் இல்லாத தளத்தில் கோல்கள் குவிந்தன. ஒரு வருஷம் கழித்து, 1944 ஜனவரியில், டெட்ராய்ட் அணி நியூயார்க் ரேஞ்சர்ஸை 15-0 என்று சாத்தியது. அப்படி இருக்க 10-4 ஒன்றும் ஊர் அதிசயம் இல்லை. ஸ்மார்ட்டின் மூன்று கோலைக் குறைத்துப் பேசவில்லை. போர் திறந்துவிட்ட கதவு வழியாக அவர் உள்ளே வந்தார் என்று மட்டும் சொல்கிறேன். அப்படித் திறந்த கதவு நெடுநாள் திறந்திருக்காது.

இன்னொன்று, லீக்கில் அப்போது மொத்தமே ஆறு அணிகள். மாண்ட்ரியால், டொராண்டோ, பாஸ்டன், டெட்ராய்ட், சிகாகோ, நியூயார்க். ஓர் அணிக்குப் பதினைந்து பேர் என்று வைத்தாலும் தொண்ணூறு நாற்காலிதான். கனடா முழுக்க, குளிர்காலத்தில் உறைந்துபோன குளத்தில் எல்லாம் பையன்கள் மட்டையோடு நிற்கிறார்கள். நாற்காலி தொண்ணூறு. இதைக் கோவில்பட்டிக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாள் காலையில் கிரவுண்டு பக்கம் வந்து பாருங்கள், புரியும்.

ஆறே அணிகள் என்பதில் ஒரு சூட்சுமமும் உண்டு. பருவத்துக்கு 50 ஆட்டம், எதிரணிகள் ஐந்து. ஆக ஒவ்வோர் எதிரணியோடும் பத்துத் தடவை மோத வேண்டும். அதே தடுப்பாட்டக்காரர்கள், அதே கோல்கீப்பர்கள். வீடியோ இல்லாத காலம்தான், ஆனால் ஒரே ஆளை மாதம் இரண்டு முறை பார்க்கிறவனுக்கு வீடியோ எதற்கு? அறிமுக ஆட்டத்தின் பெரிய பலமே நம்மை யாருக்கும் தெரியாது என்பதுதான். அது ஒரே நாளைக்கான பலம். மறுநாள் அது எதிரணியின் நோட்டுப் புத்தகத்துக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் எங்கள் தெருக்காரன் ஒருவனைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம், இதைப் படித்தால் திட்டுவான். அவனும் இடது ஓரத்து முன்வரிசைக்காரன், நாங்கள் லெஃப்ட் அவுட் என்போம். நாங்கள் கரிசல் தரையில் ஆடி வளர்ந்தவர்கள். மழை பெய்தால் ஷூவில் இரண்டு கிலோ மண் ஒட்டும், வெயில் அடித்தால் வெடிப்பில் பந்து எகிறும். அப்போது நாங்கள் திருநெல்வேலி ஜில்லா. 1986-இல் பிரித்தபோதுதான் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனோம். பெரிய டோர்னமெண்ட் ஒன்றில் எங்கள் கிளப்புக்கு ஓர் ஆள் காய்ச்சலில் படுத்துவிட, கடைசி நேரத்தில் இவனை இறக்கினார்கள். வயது பதினெட்டு. எதிரே வெளியூர் டிபார்ட்மெண்ட் அணி, எல்லாரும் மீசை வைத்த ஆட்கள்.

அவனிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது. இடது கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டு ஓடுவான். எதிரே வரும் ரைட் ஹாஃப் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி நிற்பது போல நிற்பான். அந்த நொடியில் பந்தைத் தன் வலப்பக்கம், அதாவது மைதானத்தின் உள்பக்கம், ஒரே இழுப்பாக இழுப்பான். ஹாக்கி மட்டைக்குத் தட்டையான முகம் ஒன்றுதான் உண்டு. இடது கையாளர் மட்டை என்று இதில் கிடையாது. அதனால் எதிரே நிற்கிறவனுக்குத் தன் இடப்பக்கம் வரும் பந்துதான் தலைவலி, மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் தடுக்க வேண்டும். அவன் திருப்புவதற்குள் எங்கள் ஆள் கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டமான டி-க்குள் போயிருப்பான். அன்றைக்கு இரண்டு தடவை அப்படிப் போனான். இரண்டு தடவையும் கோல் பலகையில் ‘டொம்’ என்று சத்தம். கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் உள்ளே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தீப்பெட்டி ஆபீஸில் சாயங்கால ஷிப்டு விட்டு வந்தவர்கள் எல்லாம், “யாருடே அந்தப் பையன்?” என்று கேட்டபடி நின்றார்கள்.

மூன்றாம் நாள் அடுத்த ஆட்டம். எதிரணி ரைட் ஹாஃப் முதல் ஆட்டத்தைப் பார்த்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும், தொப்பை கூட லேசாக உண்டு. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து ஓர் அடி உள்பக்கம் தள்ளி நின்றார். அவ்வளவுதான். உள்ளே இழுக்க இடம் இல்லை, வெளியே போனால் கோடு. எங்கள் ஆள் முழு ஆட்டமும் கோட்டோரம் பந்தை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தான். ஓர் அடிதான். அந்த ஓர் அடிக்கு அவனிடம் பதில் இல்லை. பதில் கண்டுபிடிக்க அவனுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் பெயர் கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஸ்மார்ட்டுக்கும் யாராவது ஓர் அடி தள்ளி நின்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு. முதல் ஆட்டத்தில் மூன்று, மிச்சம் ஏழு ஆட்டத்தில் இரண்டு. கணக்கு அப்படித்தான் பேசுகிறது. ஆனாலும் எட்டு ஆட்டத்தில் ஐந்து கோல் மோசம் என்று எவனும் சொல்ல மாட்டான்.

இதே அணியில், இதே பருவத்தில் இன்னொரு புதுமுகம் இருந்தார், மொரீஸ் ரிஷார். அவருடைய கணக்கு 16 ஆட்டத்தில் 5 கோல். 1942 டிசம்பர் 27-இல் கணுக்கால் முறிந்து பருவமே முடிந்துபோனது. அதற்கு முன்பும் எலும்பு முறிவு கண்ட உடம்பு. இவன் கண்ணாடி, தொட்டால் உடைவான் என்று பேச்சு. பதினெட்டு நாள் கழித்து ஸ்மார்ட் வந்து முதல் நாளே மூன்று அடிக்கிறார். அன்றைக்கு அரங்கில் இருந்தவரைப் பிடித்து, இந்த இரண்டு பேரில் யார் பெரிய ஆளாக வருவான் என்று கேட்டிருந்தால் ஸ்மார்ட் பக்கம்தான் கை காட்டியிருப்பார், நானும்தான். நடந்தது வேறு. ரிஷார் 1944-45 பருவத்தில் 50 ஆட்டத்தில் 50 கோல் அடித்தார். ஓய்வு பெறும்போது 544. இன்றைக்கு அந்த லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் கோப்பையே அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஸ்மார்ட்டுக்கு இடம் அடைபட்ட விதத்தையும் பாருங்கள். 1942-43 பருவத்தில் கனேடியன்ஸ் சுமாரான அணி. 19 வெற்றி, 19 தோல்வி, 12 டிரா, ஆறில் நாலாவது இடம். சுமாரான அணியில் புது ஆளைப் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த பருவத்தில் பில் டர்னன் என்ற கோல்கீப்பர் வந்தார். ரிஷாரை எல்மர் லாக், டோ பிளேக் இருவரோடும் சேர்த்து ஒரே வரிசையில் ஆட விட்டார் பயிற்சியாளர் டிக் ஏர்வின். அணி 50 ஆட்டத்தில் ஐந்தே ஐந்து தோற்று, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது. அந்த மூவரில் லெஃப்ட் விங் யார்? டோ பிளேக். ஸ்மார்ட்டின் இடத்தில் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிற அணியில் எவனும் ஆளை மாற்ற மாட்டான். இது ஹாக்கிக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை, கல்யாணச் சமையலுக்கும் அதுதான்.

அப்புறம் ஸ்மார்ட் என்ன ஆனார்? ‘காணாமல் போனார்’ என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் கியூபெக் சீனியர் ஹாக்கி லீக்கில் தொடர்ந்து ஆடினார். அவருடைய ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி அங்கேதான். சீனியர் லீக் என்றதும் நம்ம ஊர் வெட்டரன்ஸ் ஆட்டம் போல நினைத்துவிடக் கூடாது. பேருக்கு அமெச்சூர், ஆனால் தரமான லீக். கனடா முழுமைக்குமான அமெச்சூர் கோப்பையான ஆலன் கோப்பையை 1947-இல் மாண்ட்ரியால் ராயல்ஸும், 1949-இல் ஒட்டாவா செனட்டர்ஸும் வென்றன. இரண்டுமே இந்த லீக்கைச் சேர்ந்த அணிகள்.

அந்த லீக்கின் மரியாதை தெரிய வேண்டுமானால் ழான் பெலிவோ கதையைக் கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. அவர் கியூபெக் நகரத்து ஏசஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 1952 டிசம்பரில் கனேடியன்ஸ் அவரை மூன்று ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஹாட்ரிக் உட்பட ஐந்து கோல் போட்டார். போட்டுவிட்டு, “சரி, வருகிறேன்” என்று தன் ஊருக்கே திரும்பிவிட்டார்! அங்கே கை நிறையச் சம்பளம், ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது, எதற்கு வர வேண்டும்? கடைசியில் அந்த லீக்கின் தொழில்முறை உரிமையையே கனேடியன்ஸ் விலைக்கு வாங்கிய பிறகுதான் 1953 அக்டோபரில் அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு மாட்டுக்காகச் சந்தையையே வாங்கின கதை. ஆக, என்.எச்.எல்.லுக்குக் கீழே ஆடியவர்கள் எல்லாம் தோற்றுப்போனவர்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எழுதிவிடக் கூடாது.

ஸ்மார்ட்டுக்குப் பிறகு அறிமுக ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்தவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். அடுத்தவர் வரவே முப்பத்தாறு வருஷம் ஆனது. 1979-இல் ரியால் க்ளூத்தியே. ஆனால் அவர் வேறொரு தொழில்முறை லீக்கில் கோல் குவித்துவிட்டு வந்தவர், புதுமுகம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. 2008-இல் டல்லாஸ் அணிக்கு ஸ்வீடன்காரர் ஃபேபியன் ப்ரூன்ஸ்ட்ரோம். அவர் நூற்றுச் சொச்சம் ஆட்டங்களோடு ஸ்வீடனுக்கே திரும்பினார். 2010-இல் டெரெக் ஸ்டெபன், இவர் எண்ணூறு ஆட்டத்துக்கு மேல் தாண்டினார். 2016-இல் ஆஸ்டன் மேத்யூஸ் நாலு கோல் அடித்தார், அன்றைக்கு அவர் அணி தோற்றது என்பது வேறு விஷயம். அவர் இன்றைக்கு லீக்கின் பெரிய தலைகளில் ஒருவர். 2019 ஏப்ரலில் ரயன் பேலிங், அதே மாண்ட்ரியால் கனேடியன்ஸுக்கு. மூன்று கோல் போட்டு, ஷூட்-அவுட்டில் வெற்றி கோலும் அவரே அடித்தார். அடுத்த பருவத்தில் ஒரே ஒரு கோல். பிறகு வேறு அணிகளுக்குப் போய், தடுத்து ஆடுகிற உழைப்பாளியாக நிலைபெற்றார். முதல் நாள் ஒன்றுதான், ஆளுக்கொரு பாதை.

இனி தம்பியின் கடைசிக் கேள்வி, நம்ம ஹாக்கி.

பல்பீர் சிங் சீனியரின் 1948 லண்டன் ஒலிம்பிக் கதையைச் சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லுவார்கள். அவர் முதலில் இறங்கிய ஆட்டம் அர்ஜென்டினாவோடு. இந்தியா 9-1 என்று ஜெயித்தது. அதில் ஆறு கோல் அவருடையது. ஆறு! அடுத்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குத்தான் திரும்ப எடுத்தார்கள். வெம்ப்ளியில் பிரிட்டனை 4-0 என்று வென்றதில் இரண்டு கோல் போட்டார். 1952 ஹெல்சிங்கியில் இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல். 1956-இல் அவரே கேப்டன். இன்றைக்கு எல்லாரும் மூன்று தங்கத்தைச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த உட்கார வைத்த நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன. ஆறு கோல் அடித்தவனையே பெஞ்சில் வைக்கிற உலகத்தில், மூன்று கோல் அடித்த ஸ்மார்ட் எம்மாத்திரம்? இறுதி ஆட்டத்துக்கும் கூப்பிடாமல் விட்டிருந்தால் பல்பீரும் ‘ஒரு நாள் ஆட்டக்காரர்’ ஆகியிருப்பார்.

உடம்பு காலை வாரிவிட்ட கதைக்கு ஜுக்ராஜ் சிங். இப்போது ஆடுகிற ஜுக்ராஜ் வேறு, இவர் முந்தியவர். 2001-இல் ஹோபார்ட்டில் ஜூனியர் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர், பந்தை மட்டையோடு இழுத்துச் சுண்டிக் கோலுக்குள் வீசுகிற டிராக் ஃப்ளிக்கில் புலி. டி-க்குள் செய்த தப்புக்குத் தண்டனையாகக் கொடுக்கும் பெனால்டி கார்னர் என்றாலே எதிரணி முகம் மாறும். 2003 செப்டம்பரில் ஜலந்தர் பக்கம் கார் விபத்து. இருபது வயது. இந்தியாவுக்காக மறுபடி ஆடவில்லை. பிறகு டிராக் ஃப்ளிக் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர் ஆனார். இவர் விஷயத்தில் ஏன் என்ற ஆராய்ச்சிக்கு இடமே இல்லை.

தரையே காலை வாரிவிட்டதும் உண்டு. வேடிக்கை, அதுவும் மாண்ட்ரியால்தான். 1976 ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஹாக்கி ஆடினார்கள். இந்தியா ஏழாவது இடம். மண்ணிலும் புல்லிலும் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஆடியவர்களுக்கு, வழுவழு தளத்தில் வேகமும் மூச்சும்தான் ராஜா என்று தெரிய வந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் எங்கள் பக்கத்துப் பையன்கள் கரிசலில் பழகிவிட்டு, தேர்வு நாளன்று மட்டும் சென்னையில் செயற்கைத் தளத்தில் கால் வைப்பார்கள். முதல் பத்து நிமிஷம் பந்து மட்டைக்கு அடியில் ஓடிவிடும், தேர்வாளர் பேப்பரில் ஏதோ எழுதிவிடுவார். இப்போது கோவில்பட்டி கிருஷ்ணா நகரிலேயே செயற்கைத் தளம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி அங்கேதான் நடக்கிறது. இன்றைய பையன்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

1943 மாண்ட்ரியாலுக்கு நம் பக்கத்தில் நெருங்கிய உதாரணம் கேட்டால், நான் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையைச் சொல்வேன். மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பீரேந்திர லாக்ரா தலைமையில் புதுமுகங்கள் நிறைந்த அணியை அனுப்பினார்கள். போர் செய்த வேலையை இங்கே ஓய்வு செய்தது, கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக இரண்டு தமிழ்நாட்டுப் பையன்கள் உள்ளே போனார்கள், அரியலூர் கார்த்தியும் எங்கள் கோவில்பட்டி மாரீஸ்வரனும். மே 23 அன்று பாகிஸ்தானோடு முதல் ஆட்டம். கார்த்தி தன் அறிமுக ஆட்டத்திலேயே ஒன்பதாவது நிமிஷம் கோல் போட்டார், ஆட்டம் 1-1. தென்கொரியாவோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்தில் மாரீஸ்வரன் ஒரு கோல். அன்று கோவில்பட்டியில் வெடித்த வெடியைத் தீபாவளிக்கு மிச்சம் வைத்திருக்கலாம். இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது.

அதன் பிறகு மூத்தவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தால் நாற்காலி குறையும், அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கார்த்தி 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். இரண்டு பேருக்கும் இளவயது, அவர்கள் கணக்கை இப்போதே மூடுவது அபத்தம். நான் சொல்ல வந்தது அந்த அணியைப் பற்றி. ஒரே நாளில் பலர் அறிமுகமாகிற அணியில், அந்தத் தொடரே பலருக்கு உச்சமாக அமைந்துவிடும். ஒரு பருவத்துக் கதவு அது.

எங்கள் பக்கத்தில் ஆடுகிறவனின் கனவில் இந்திய அணிக்கு ஒரு பங்குதான். இன்னொரு பங்கு வேலை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., போலீஸ், ராணுவம் என்று டிபார்ட்மெண்ட் அணிகள் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் வீடு நிமிர்ந்துவிடும். அம்மா தீப்பெட்டி ஒட்டிக் கொடுத்த காசில் மட்டை வாங்கியவனுக்கு, தேசிய அணியில் எத்தனை ஆட்டம் என்பது இரண்டாவது கேள்விதான். ஆகவே ‘குறுகிய ஆட்ட வாழ்க்கை’ என்று வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் எந்த அளவுகோலை வைத்து அளக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஸ்மார்ட் எட்டு ஆட்டம் ஆடினார் என்பார்கள். அவர் 1940-களில் என்.எச்.எல்.லுக்கு வெளியேயும் தொடர்ந்து ஹாக்கி ஆடினார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

எங்கள் தெருக்காரனை விட்டுவிட்டேனே. அந்த இரண்டு கோலை வைத்து அவனை ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினான், அணியில் பெயர் வரவில்லை. ஆனால் முகாமில் அவனைப் பார்த்த ஒருவர் மூலமாக ரயில்வேயில் வேலை கிடைத்தது. அவர்கள் அணிக்குப் பன்னிரண்டு வருஷம் லெஃப்ட் அவுட் ஆடினான். ஓர் அடி தள்ளி நிற்கிறவனுக்குப் பதிலையும் அங்கேதான் கற்றுக்கொண்டான். உள்ளே இழுப்பது போலத் தோளை மட்டும் சாய்த்துவிட்டு, பந்தைக் கோட்டோரமாகவே தள்ளி ஓடுவது. போன வருஷம் ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டான். சாயங்காலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன்களோடு இறங்குகிறான். முதல் தடவை உள்ளே இழுப்பான், பையன் ஏமாறுவான். இரண்டாம் தடவை பையன் ஓர் அடி உள்ளே தள்ளி நிற்பான். இவன் தோளைச் சாய்ப்பான், பையன் மறுபடி ஏமாறுவான். மூன்றாம் தடவை இவனுக்கு மூச்சு வாங்கும். என்னைப் பார்த்து, “விசில் ஊதுடே” என்பான்.